எஞ்சின் கண் திறக்கும் முன்

2005 வாக்கில் திருநெல்வேலியில் நான் போய்க்கொண்டிருந்த பிரவுசிங் சென்டரில் எட்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. எட்டிலும் கவுன்டர்-ஸ்ட்ரைக் 1.6 உண்டு. "அண்ணா, மவுஸ் தானா இழுத்துட்டு ஓடுது" என்று யாராவது குரல் கொடுத்தால், சென்டரைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் எழுந்து வருவார். "கொஞ்சம் தள்ளிக்கோ தம்பி" என்று உட்கார்ந்து, டெஸ்க்டாப்பில் இருக்கும் ஐகான்மேல் ரைட் கிளிக் செய்வார். பிராப்பர்ட்டீஸைத் திறந்து, டார்கெட் என்ற பெட்டியில் இருக்கும் வரியின் கடைசிக்குப் போவார். அங்கே ஓர் இடைவெளி விட்டு, நோட்டில் எழுதிவைத்திருந்த மூன்று சொற்களை எழுத்துக்கூட்டி அடிப்பார்: '-நோஃபோர்ஸ்எம்எஸ்பிடி', '-நோஃபோர்ஸ்எம்அக்செல்', '-நோஃபோர்ஸ்எம்பார்ம்ஸ்'. கேமை மூடித் திறந்தால் மவுஸ் சொன்ன பேச்சு கேட்கும்.

அந்த மூன்று சொற்களுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. பல ஆண்டுகள் கழித்து மூல நிரலைப் படித்தபோதுதான் தெரிந்தது. கேம் தொடங்கும்போது விண்டோஸின் மவுஸ் அமைப்பில் மூன்று எண்களை அது மாற்றி எழுதுகிறது: 0, 0, 1. மூன்றாவது எண் 1 ஆனதும் விண்டோஸ் எக்ஸ்பியில் மவுஸ் முடுக்கம் இயங்கத் தொடங்கும். கையை வேகமாக நகர்த்தினால் குறி கூடுதலாக ஓடும். முதல் சொல், மூன்றாவது எண்ணைத் தொடாதே என்கிறது. இரண்டாவது சொல், முதல் இரண்டு எண்களைத் தொடாதே என்கிறது. கடைசிச் சொல் மூன்றையுமே தொடாதே என்கிறது. ஆக, கடைசிச் சொல் ஒன்று மட்டும் போதும். மற்ற இரண்டும் பல ஆண்டுகள் சும்மா ஒட்டிக்கொண்டு வந்தவை.

இந்தச் சொற்களைத்தான் விளையாடுவோர் லாஞ்ச் ஆப்ஷன் என்கிறார்கள். (திரையில் இவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். இங்கே ஒலியைத் தமிழில் எழுதுகிறேன்.) கேம் எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகு அதனோடு பேச மெனு இருக்கிறது, கட்டளைகளை அடிக்கும் கன்சோல் இருக்கிறது. தொடங்கும் முன் பேச இந்த ஒரு வரிதான் இருக்கிறது. முப்பது ஆண்டுகளாக இந்த வரி எப்படி வளர்ந்தது, இதில் எது சரி, எது பிழை என்று பார்ப்பது வெறும் தொழில்நுட்பக் கணக்கு அல்ல என்பது என் எண்ணம். எஞ்சினை எழுதியவர்கள் தங்கள் வசதிக்காக வைத்துக்கொண்ட கதவு இது. அதன் வழியாகத்தான் விளையாடுவோர் உள்ளே நுழைந்து, புதிய கேம்களையே உருவாக்கினார்கள். ஆனால் அந்தக் கதவுக்குள் நின்றுகொண்டு நாம் சொன்னது உள்ளே கேட்டதா இல்லையா என்று எஞ்சின் பெரும்பாலும் சொல்வதில்லை.

தொடக்கம் டூம் என்ற கேம். டெக்சாஸின் ஐடி சாஃப்ட்வேர் 1993 டிசம்பர் 10 அன்று வெளியிட்டது. 1997 டிசம்பரில் அதன் மூல நிரல் பொதுவெளிக்கு வந்ததால், கட்டளை வரியை அது எப்படிப் படித்தது என்பதை யாரும் பார்க்கலாம். 'எம்_செக்பார்ம்' என்றொரு சிறிய செயல்கூறு. ஒரு சொல்லைக் கொடுத்தால், கட்டளை வரியில் இருக்கும் சொற்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கும். கிடைத்தால் அது எத்தனையாவது இடம் என்று சொல்லும். இல்லையென்றால் பூஜ்யம். பத்து வரிகூட வராது. '-ஸ்கில் 4' என்று கொடுத்திருந்தால், 'ஸ்கில்' எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டு அடுத்த இடத்தில் இருப்பதை எடுத்துக்கொள்வார்கள். நிரலின் எந்த மூலையிலிருந்தும் யாரும் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டியதில்லை, பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை.

இந்த எளிமைதான் டூமின் ஆப்ஷன்கள் அவ்வளவு பெருகக் காரணம். நினைத்த மாத்திரத்தில் ஒரு வரி எழுதினால் புதிய ஆப்ஷன் பிறந்துவிடும். '-நோமான்ஸ்டர்ஸ்' கொடுத்தால் பேய்கள் இல்லாத வெற்று மாளிகை. '-ஃபாஸ்ட்' கொடுத்தால் பேய்களுக்கு வேகம் கூடும். '-ரெஸ்பான்' கொடுத்தால் செத்தவை எழுந்து வரும். '-டர்போ' உங்கள் கால்களுக்கு வேகம் தரும். பத்து சதவீதத்திலிருந்து நானூறு சதவீதம்வரை போகலாம், எண் எதுவும் கொடுக்காவிட்டால் 200. '-ஏவிஜி' என்று ஒன்று உண்டு. ஒருவரையொருவர் சுட்டு விளையாடும்போது ஒவ்வொரு கட்டமும் 20 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆஸ்டின் வர்ச்சுவல் கேமிங் என்ற பெயரை நிரலே திரையில் அச்சிடுகிறது. ஒரு தனி இடத்தின் தேவைக்காக வைத்த கதவு, உலகத்தில் டூம் இருந்த ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் போய்ச் சேர்ந்தது.

நெட்வொர்க்கில் விளையாடியது இன்னும் வியப்பானது. டூமுக்கு நெட்வொர்க் கார்டைப் பற்றி எதுவும் தெரியாது. 'ஐபிஎக்ஸ்செட்டப்' என்ற தனி நிரலை '-நோட்ஸ் 4' என்று சொல்லி முதலில் ஓட்ட வேண்டும். நான்கு பேர் சேரும்வரை அது காத்திருக்கும். சேர்ந்ததும் அதுவே டூமைத் தொடங்கிவைத்து, '-நெட்' என்ற சொல்லுக்குப் பின் ஒரு பெரிய எண்ணைக் கொடுக்கும். அந்த எண் நினைவகத்தில் ஓர் இடத்தின் முகவரி. டூம் அந்த முகவரிக்குப் போய்ப் பார்த்தால், செய்திகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டிய இடம் அங்கே தயாராக இருக்கும். இரண்டு நிரல்கள் நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ள, நடுவில் நின்றது கட்டளை வரியில் அச்சான ஓர் எண். இன்றைய பாதுகாப்பு நிபுணர் பார்த்தால் பதறிப்போவார். அன்றைய டாஸில் அது நன்றாகவே வேலை செய்தது.

டாஸில் இன்னொரு தொல்லை இருந்தது. கட்டளைக்குப் பின் 127 எழுத்துகளுக்குமேல் கொடுக்க முடியாது. நான்கைந்து கோப்புகளின் பெயரையும் பாதையையும் எழுதினாலே வரி நிரம்பிவிடும். எனவே டூமில் '@' குறி போட்டு ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால், அதற்குள் இருக்கும் எல்லாவற்றையும் கட்டளை வரியாகவே எடுத்துக்கொள்ளும். அப்படிக் கோப்புகளை அடுக்க வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது? '-ஃபைல்' என்ற ஆப்ஷனிலிருந்து. டூமின் கட்டங்கள், படங்கள், ஒலிகள் எல்லாம் 'வாட்' என்ற கோப்புக்குள் இருந்தன. '-ஃபைல்' என்று சொல்லி உங்கள் சொந்த வாட் கோப்பைக் கொடுத்தால், அதில் இருப்பவை மூலத்தில் இருப்பவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மூலக் கோப்பைத் தொட வேண்டியதே இல்லை. இலவசப் பதிப்பில் மட்டும் இது ஓடாது, பணம் கட்டிப் பதிவு செய்யச் சொல்லிவிடும். ஆயிரக்கணக்கானோர் தங்கள் கட்டங்களை வரைந்து உலகுக்குக் கொடுத்த மரபு இந்த ஒற்றை ஆப்ஷனில் நிற்கிறது. இதைவிடப் பெரிய சாதனை செய்த லாஞ்ச் ஆப்ஷன் வேறு இல்லை என்பேன்.

டூமின் '-ரெக்கார்ட்' பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆப்ஷனுக்கும் எஞ்சினுக்கும் உள்ள உறவு அதில்தான் தெளிவாகத் தெரிகிறது. ஆட்டத்தைப் பதிவு செய்யும்போது டூம் காட்சியைப் பதிவதில்லை. நீங்கள் எந்த நொடியில் எந்தப் பக்கம் நடந்தீர்கள், எப்போது சுட்டீர்கள் என்பதை மட்டும் பதிகிறது. நொடிக்கு 35 முறை, முறைக்கு 4 பைட். மறுபடி ஓட்டும்போது எஞ்சின் அதே விசைகளை அதே வரிசையில் ஊட்டி, அதே ஆட்டத்தை மீண்டும் உண்டாக்குகிறது. இதற்கு எஞ்சின் ஒவ்வொரு முறையும் இம்மி பிசகாமல் ஒரே மாதிரி நடக்க வேண்டும். '-ஃபாஸ்ட்' போட்டுப் பதிந்ததை அது இல்லாமல் ஓட்டினால், பேய் வேறிடத்தில் நிற்கும். நீங்கள் சுட்ட குண்டு சுவரில் போய் முட்டும். அதனால் 1.9 பதிப்பின் பதிவுக் கோப்பில் தலைப்பகுதியின் 13 பைட்டில் ஃபாஸ்ட், ரெஸ்பான், நோமான்ஸ்டர்ஸ் மூன்றுக்கும் தனித்தனி இடம் உண்டு. லாஞ்ச் ஆப்ஷன் ஆட்டத்தின் பிறப்புக் குறிப்பாகவே கோப்பில் ஏறிவிடுகிறது.

ஆனால் டர்போவுக்கு அங்கே இடம் இல்லை. அது விடுபட்டதால் ஒன்றும் கெடவில்லை. டர்போ மாற்றுவது உங்கள் நடையின் அளவை. அந்த அளவோ ஒவ்வொரு நொடிப் பதிவிலும் ஏற்கெனவே இருக்கிறது. சாதாரணமாக ஓடினால் அந்த எண் 50ஐத் தாண்டாது. தாண்டினால் டர்போ. நெட்வொர்க் ஆட்டத்தில் ஒருவர் டர்போ போட்டுவிட்டு ஓடினால், மற்றவர்களின் திரையில் அவர் பெயரைச் சொல்லி அறிவிப்பு வந்தது இப்படித்தான். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை, அவர் காலடியே காட்டிக்கொடுத்தது. உலகத்தின் விதியை மாற்றும் ஆப்ஷனுக்கும், ஆளின் கையை மாற்றும் ஆப்ஷனுக்கும் இடையில் இருக்கும் கோட்டை இந்த 13 பைட் எவ்வளவு சுத்தமாகப் போட்டுவிட்டது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கும்.

பதிவுக்கு முன்கூட்டியே ஒதுக்கிய இடம் 128 கிலோபைட். நொடிக்கு 140 பைட் என்று கணக்குப் போட்டால் பதினைந்தரை நிமிடத்தைச் சற்றே தாண்டும். இடம் தீர்ந்ததும் பதிவு முடிந்ததாகச் சொல்லி கேமே மூடிக்கொள்ளும். நீண்ட ஆட்டத்தைப் பதிய '-மேக்ஸ்டெமோ' போட்டுக் கூடுதல் இடம் கேட்க வேண்டும், அதுவும் தொடங்கும் முன்பே. நடுவில் கேட்க முடியாது.

இந்த 'நடுவில் கேட்க முடியாது' என்பதுதான் 1996 ஜூனில் அதே ஐடி சாஃப்ட்வேரிலிருந்து வந்த குவேக் கேமின் அடிப்படை விதி. குவேக் தொடங்கும்போதே தனக்கு வேண்டிய மொத்த நினைவகத்தையும் ஒரே துண்டாக வாங்கிக்கொள்ளும். பிறகு ஒரு பைட்கூட வெளியே போய்க் கேட்காது. விண்டோஸ் பதிப்பில் உங்களிடம் எவ்வளவு ராம் இருந்தாலும் 16 மெகாபைட்டோடு நிறுத்திக்கொண்டது. பின்னாளில் ரசிகர்கள் பெரிய பெரிய கட்டங்களை வரைந்தபோது இந்த 16 போதவில்லை. கட்டம் ஏறும் நேரத்தில் நினைவகம் கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். அப்போது கைகொடுத்தது '-ஹீப்சைஸ் 32768'. கிலோபைட்டில் சொல்ல வேண்டும், அதாவது 32 மெகாபைட். கன்சோலைத் திறந்து சொன்னால் நடக்காது. வீடு கட்டி முடித்த பின் அஸ்திவாரத்தை அகலப்படுத்த முடியாதல்லவா.

குவேக்கில் '-சேஃப்' என்ற ஆப்ஷனும் இருந்தது. அதைக் கொடுத்தால் எஞ்சின் தன் கட்டளை வரியின் கடைசியில் தானே ஏழு ஆப்ஷன்களைச் சேர்த்துக்கொள்ளும்: ஒலி வேண்டாம், மவுஸ் வேண்டாம், ஜாய்ஸ்டிக் வேண்டாம், நெட்வொர்க் வேண்டாம், சிடி இசை வேண்டாம், திரைக்குச் சாதாரண முறை போதும் என்று. எந்தக் கருவியால் கேம் நின்றுபோகிறது என்று தெரியாமல் தவிக்கும் ஒருவருக்கு இதைவிட நல்ல கை வேறில்லை. முதலில் ஓடவை, பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கலாம்.

குவேக் கொண்டுவந்த பெரிய மாற்றம் கூட்டல் குறி. '-' போட்டால் எஞ்சினின் உடம்பைப் பற்றிய முடிவு. '+' போட்டால், எஞ்சின் எழுந்த பிறகு கன்சோலில் நீங்கள் அடித்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டளை. '+மேப்', '+கனெக்ட்' எல்லாம் அப்படித்தான். இவை எப்போது ஓடும் என்பதற்கும் ஒழுங்கு உண்டு. குவேக் எழுந்ததும் ஒரு தொடக்கக் கோப்பைப் படிக்கும். முதலில் தொழிற்சாலை அமைப்பு, அடுத்து நீங்கள் சேமித்த அமைப்பு, அடுத்து உங்கள் சொந்தக் கட்டளைக் கோப்பு. இவை மூன்றும் முடிந்த பிறகே 'ஸ்டஃப்கமாண்ட்ஸ்' என்ற கட்டளை வந்து, கட்டளை வரியின் கூட்டல் குறிகளை உள்ளே தள்ளும். எனவே கடைசி வார்த்தை எப்போதும் கட்டளை வரிக்கே. இந்த வரிசை தெரியாமல் "கோப்பில் மாத்தினேன், எடுக்கவே இல்லை" என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் ஏராளம்.

1999இல் வந்த குவேக் 3 இந்தக் கோட்டை இன்னும் அழுத்திப் போட்டது. அதில் அமைப்பு மாறிகள் சிலவற்றுக்குத் தனி முத்திரை உண்டு: கன்சோலிலிருந்து மாற்றவே முடியாது, கட்டளை வரியிலிருந்து மட்டும் மாற்றலாம். நிரலிலேயே அப்படிக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள்.

குவேக்கின் '-கேம்' ஆப்ஷன் டூமின் '-ஃபைல்' வழித்தோன்றல். ஒரு கோப்புறையின் பெயரைக் கொடுத்தால் எதைத் தேடினாலும் முதலில் அங்கே தேடும், கிடைக்காவிட்டால்தான் மூலத்துக்குப் போகும். குவேக் எஞ்சினிலிருந்து பிறந்த 1998ஆம் ஆண்டின் ஹாஃப்-லைஃப் இதையும் அப்படியே எடுத்துக்கொண்டது. எங்கள் பிரவுசிங் சென்டர் ஐகானின் டார்கெட் பெட்டியில் முதல் சொல் '-கேம் சிஸ்ட்ரைக்'. உலகத்தின் பெரிய போட்டி விளையாட்டுகளுள் ஒன்று, இன்னொரு கேமின் லாஞ்ச் ஆப்ஷனாகத்தான் பிறந்தது.

2003இல் வால்வ் நிறுவனம் ஸ்டீம் தளத்தைத் தொடங்கிய பிறகு, டார்கெட் பெட்டிக்குப் பதில் ஸ்டீமுக்குள்ளேயே லாஞ்ச் ஆப்ஷன் பெட்டி வந்தது. ஒருவர் வெற்றி பெற்றால் அவர் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்து மற்றவர்கள் அப்படியே ஒட்டிக்கொள்வது அங்கேதான் பெருவழக்கானது. இங்கே எனக்கு உண்மையான மனக்குறை உண்டு. வால்வின் கவுன்டர்-ஸ்ட்ரைக் குளோபல் அஃபென்சிவில் '-டிக்ரேட் 128' என்று எழுதிவைத்தவர்கள் எண்ணிலடங்காதவர்கள். உங்கள் கம்ப்யூட்டரே சர்வராக இருந்து பயிற்சி செய்தால் அது வேலை செய்தது. வால்வின் மேட்ச்மேக்கிங் சர்வரில் ஆடினால், சர்வர் நொடிக்கு 64 முறைதான் கணக்குப் போட்டது. உங்கள் பெட்டியில் எழுதியது அந்த சர்வருக்குப் போகவில்லை. போகவில்லை என்று கேம் சொல்லவும் இல்லை. எழுதியவர் வித்தியாசம் தெரிவதாக நம்பிக்கொண்டிருந்தார்.

எதிர்ப்பக்கமும் உண்டு. வால்வின் சோர்ஸ் எஞ்சினில் '-டிஎக்ஸ்லெவல் 81' என்பது பழைய கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கு வரம். ஆனால் ஒருமுறை ஓட்டியதும் அதைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் திரை அமைப்பைத் தொழிற்சாலை நிலைக்கே கொண்டுபோய்விடும். நீங்கள் மெனுவில் மாற்றுவீர்கள், மறுநாள் திறந்தால் பழையபடி இருக்கும். அந்தச் சொல் ஏற்கெனவே தன் வேலையைச் செய்துவிட்டது என்பதும், இன்னும் செய்துகொண்டிருக்கிறது என்பதும் எங்கேயும் தெரியாது.

கேட்காத ஆப்ஷனும் ஓயாமல் கேட்கும் ஆப்ஷனும் ஒரே மாதிரி மௌனமாக இருப்பதற்குக் காரணம் டூமின் அந்தப் பழைய பத்து வரிதான். 'இந்தச் சொல் இருக்கிறதா' என்று நிரல் கேட்கிறதே தவிர, 'இந்தச் சொல் எனக்குத் தெரியவில்லையே' என்று சொல்ல அதற்கு வழியே வைக்கவில்லை. ஓர் எழுத்து பிசகினாலும் எஞ்சின் அமைதியாகக் கடந்துபோகும். கேட்கப்படும் ஒவ்வொரு சொல்லையும் குறித்துவைத்து, யாரும் கேட்காத சொற்களை முடிவில் அச்சிட்டால் என்ன? பெரிய வேலை இல்லை. ஆனால் முடிவு எப்போது என்பதுதான் சிக்கல். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன மவுஸ் ஆப்ஷன்கள் மூன்றையும் ஹாஃப்-லைஃபில் கேட்பது எஞ்சின் அல்ல. எஞ்சின்மேல் ஏறி உட்காரும் கேமின் தனி நிரல்தான், எஞ்சினின் கதவு வழியாகவே கேட்கிறது. நாளை யாரோ எழுதப்போகும் ஒரு மாட் (மூல கேமை மாற்றியமைக்கும் நிரல்) எந்தச் சொல்லைக் கேட்கும் என்று எஞ்சினுக்கு எப்படித் தெரியும்? புதிய கேம்கள் பிறக்க வழிவிட்ட அதே தாராளம்தான் இந்த மௌனத்துக்கும் காரணம்.

இந்தத் தாராளம் ஒருமுறை ஆபத்தாகவும் ஆனது. இணைய உலாவியில் ஓர் இணைப்பைச் சொடுக்கினாலே கேம் தொடங்கும்படி ஸ்டீம் ஒரு வசதி வைத்திருந்தது. அந்த இணைப்புக்குள்ளேயே ஆப்ஷன்களையும் எழுதலாம். 2012 அக்டோபரில் ரெவல்ன் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் லூயிஜி ஆரியெம்மாவும் டொனாட்டோ ஃபெரான்டேயும் இதன் விளைவைக் காட்டினார்கள். சோர்ஸ் எஞ்சினில் கன்சோலில் ஓடுவதையெல்லாம் ஒரு கோப்பில் எழுதச் சொல்லும் கட்டளை உண்டு. கோப்பு எங்கே இருக்க வேண்டும், பெயர் என்ன என்பதையும் நாமே சொல்லலாம். விண்டோஸ் தொடங்கும்போது தானாக ஓடும் கோப்புறையில் ஒரு '.பேட்' கோப்பாக அதை எழுதவைத்து, கன்சோலில் தீய கட்டளை ஒன்றை அச்சிடவைத்தால் போதும். மறுமுறை கம்ப்யூட்டரைத் திறக்கும்போது அது ஓடிவிடும். எஞ்சினில் இதைப் பிழை என்று சொல்ல முடியாது. தன் முன்னால் உட்கார்ந்திருப்பவர் அடித்த வரி என்று நம்பித்தான் அது எழுதப்பட்டது. ஊர் பேர் தெரியாத ஒருவர் அந்த வரியை எழுத முடிந்ததுதான் கோளாறு. இப்போது வெளியிலிருந்து ஆப்ஷன்களோடு ஒரு கேமைத் தொடங்க முயன்றால், ஸ்டீம் அந்த வரியைக் காட்டி, இதை நம்புகிறீர்களா என்று கேட்கிறது.

மற்ற எஞ்சின்களைச் சுருக்கமாகவே பார்க்கலாம். அன்ரியலில் கட்டத்தின் பெயரோடு கேள்விக்குறி போட்டு 'லிசன்' என்று எழுதினால் உங்கள் கம்ப்யூட்டர் மற்றவர்கள் சேரக்கூடிய சர்வராகிவிடும். இணைய முகவரியைப் போன்ற அமைப்பு அது. கடைக்குப் போகும் பதிப்பில் எந்தெந்த ஆப்ஷன்களை ஏற்கலாம் என்று அனுமதிப் பட்டியல் வைக்கும் வசதியும் அதில் உண்டு. யூனிட்டியில் '-பேட்ச்மோட்', '-நோகிராஃபிக்ஸ்' இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் திரையே இல்லாமல் எஞ்சின் ஓடும். கேமைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் சர்வர்களில் இதுதான் நாள்தோறும் நடக்கிறது.

கோடோ 4 செய்திருப்பதைத்தான் நான் ஆவலோடு பார்க்கிறேன். கட்டளை வரியின் நடுவில் இரண்டு கழித்தல் குறிகளைத் தனியாகப் போட்டால், அதற்கு முன் இருப்பவை எஞ்சினுடையவை, பின் இருப்பவை கேமுடையவை. கேம் தன் பங்கை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஹாஃப்-லைஃபில் யாருடைய சொல் யாருக்கு என்று தெரியாமல் கலந்து கிடந்ததே, அதற்கு இந்தக் கோடு ஒரு விடை. தன் பக்கத்தில் இருக்கும் சொற்களை எஞ்சின் முழுவதுமாக அறியும். எனவே அறியாத சொல் வந்தால் வாய்திறந்து சொல்லாமல் இருக்க எந்த எஞ்சினுக்கும் இனி சாக்கு இருக்கக் கூடாது.

அதுவரை நமக்குத் துணை, யாராவது எழுதிவைக்கும் விளக்கம்தான். பெரும்பாலும் அந்த விளக்கமும் ஒருவர் நோட்டிலிருந்து இன்னொருவர் நோட்டுக்குப் போனது, எங்கள் சென்டர் அண்ணனின் மூன்று சொற்கள் மாதிரி. டூமைப் பழையபடியே, அதன் பிழைகளோடு சேர்த்து ஓடவைக்க சைமன் ஹோவர்ட் 2005இல் தொடங்கிய சாக்லேட் டூம் திட்டம் இதற்கு வேறு வழி கண்டது. அதில் ஒவ்வொரு ஆப்ஷனையும் நிரல் கேட்கும் வரிக்கு நேர் மேலேயே ஒரு குறிப்பு எழுதுகிறார்கள். ஆச்சரியக் குறியோடு தொடங்கும் அந்தக் குறிப்பில் ஆப்ஷன் எந்த வகை, அதனோடு என்ன மதிப்பு கொடுக்க வேண்டும், என்ன செய்யும் என்று நான்கைந்து வரி இருக்கும். சிறிய பைத்தான் நிரல் ஒன்று மூல நிரல் முழுவதையும் அலசி, அந்தக் குறிப்புகளைப் பொறுக்கியெடுத்து, கையேட்டைத் தானே அச்சடித்துவிடுகிறது. '-டைமர்' ஆப்ஷனைத் தேடி நிரலைத் திறந்தால், எத்தனை நிமிடம் என்று எண் கொடுக்க வேண்டும் என்ற விளக்கம் மேலே இருக்கிறது. அதற்கு ஒரு வரி கீழே, 1993இன் அதே கேள்வி இன்றும் கேட்கப்பட்டுக்கொண்டிருக்கிறது.